கேஸ் ஷீட்டை வாசிப்பது யார்?

2014 செப்டம்பர் 25ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் உள்ள டெக்சஸ் ஹெல்த் பிரஸ்பிடேரியன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் காய்ச்சலோடும் வயிற்றுவலியோடும் ஒருவர் வந்தார். பெயர் தாமஸ் எரிக் டங்கன். ஐந்து நாட்களுக்கு முன்புதான் லைபீரியாவிலிருந்து வந்து இறங்கியிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா உச்சத்தில் இருந்த நேரம் அது. செவிலியர் விசாரித்து, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதைக் கணினிப் பதிவேட்டில் குறித்துவைத்தார். காய்ச்சல் 103 டிகிரி வரை ஏறியதும் பதிவாகியிருந்தது. ஆனாலும் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 28ஆம் தேதி ஆம்புலன்சில் திரும்பி வந்தார். 30ஆம் தேதி எபோலா என்று உறுதியானது. அக்டோபர் 8 அன்று இறந்துபோனார். அவரைக் கவனித்த செவிலியர்களில் இருவருக்கு நோய் தொற்றியது. நல்லவேளையாக இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனை முதலில் சொன்ன காரணம் இது: செவிலியர் நிரப்பும் பகுதியும் மருத்துவர் பார்க்கும் பகுதியும் மென்பொருளில் தனித்தனி, பயண விவரம் மருத்துவரின் திரைக்குத் தானாக வந்து சேரவில்லை. அக்டோபர் 2 அன்று வெளியான இந்த விளக்கத்தை மறுநாளே திருத்திக்கொண்டார்கள். மென்பொருளில் குறை இல்லை, அந்தத் தகவல் மருத்துவருக்கும் கிடைக்கும்படியே இருந்தது என்றார்கள். முதல் விளக்கத்தைவிட இந்தத் திருத்தம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மென்பொருள் கோளாறு என்றால் அதை எழுதியவர்களே சரிசெய்துவிடலாம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், பதிலை எழுதியிருக்கிறார்கள், எழுதியதும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறது. அப்படியும் முடிவெடுத்தவருக்கு அது உதவவில்லை என்றால், கோளாறு வாசிப்பில் இருக்கிறது.

நம் மருத்துவமனைகளிலும் நிலைமை வேறல்ல. பதிவேட்டை எழுத எல்லோருக்கும் கற்றுத்தருகிறோம். வாசிக்க முறையாகக் கற்றுத்தருவதே இல்லை எனலாம். மருத்துவமனை ஊழியர்களின் தகவல் எழுத்தறிவு பற்றிப் பேசும்போது முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் குறையைத்தான்.

தகவல் எழுத்தறிவு என்ற கருத்தை 1974இல் அமெரிக்கரான பால் சுர்கோவ்ஸ்கி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கம் அதற்குத் தந்த விளக்கத்தை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள். தனக்குத் தகவல் தேவைப்படும் நேரத்தை உணர வேண்டும், அதைத் தேடி எடுக்க வேண்டும், எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட வேண்டும், வேண்டிய காரியத்துக்குச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். நூலகத்தில் பிறந்த கருத்து என்பதால், மருத்துவமனை ஊழியர்களை ஆராய வருபவர்களும் நூலகக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தில் தேடத் தெரியுமா, கணினி இயக்கத் தெரியுமா என்று கேட்டு, ‘நன்றாகத் தெரியும்’ முதல் ‘தெரியவே தெரியாது’ வரை ஐந்து கட்டங்களில் டிக் அடிக்கச் சொல்கிறார்கள். தனக்குத் தானே மதிப்பெண் போடும் இடத்தில் யாரும் தாராளமாகத்தான் இருப்பார்கள். அந்த எண்களைச் சராசரி எடுத்துத் திறன் அதிகம் என்று அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரவு டூட்டியில் இருக்கும் செவிலியர் பப்மெட்டைத் திறப்பதில்லை. அவர் கையில் இருக்கும் நூல் கேஸ் ஷீட். அவருடைய தகவல் எழுத்தறிவை அதில்தான் சோதிக்க வேண்டும்.

அரசு மருத்துவமனை வார்டு ஒன்றில் ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். முகப்பில் பெயர், வயது, ஐ.பி. எண் எனப்படும் உள்நோயாளி எண், வார்டு, யூனிட். அடுத்து, சேர்க்கும்போது எழுதிய நோய் வரலாறு. பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன் கையெழுத்தில் விரிவாகவே இருக்கும். பிறகு அன்றாடக் குறிப்புகள். மூன்றாம் நாளுக்குள் அவை ஒரே வரியாகச் சுருங்கிவிடும்: ‘சி.எஸ்.டி.’ அதாவது, இதுவரை கொடுத்த சிகிச்சையையே தொடர்க. இதுவரை கொடுத்தது எது என்று தெரிய வேண்டுமானால் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். நேற்றும் சி.எஸ்.டி., முந்தாநாளும் சி.எஸ்.டி. காய்ச்சல், நாடித்துடிப்பு வரைபடம் தனித் தாள். குடித்த நீரும் கழித்த சிறுநீரும் இன்னொரு தாள். மருந்துக்கு வேறு தாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் ஸ்டேப்ளர் அடித்துக் கடைசியில் தொங்கும். சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது என்பது ஒரு தாளில் இருக்கும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுகிறது என்பது வேறொரு தாளில். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் ஊசி ஐந்தாம் நாளாகத் தொடர்கிறது என்பது மூன்றாவது தாளில். மூன்று தாளிலும் எழுதியவர்கள் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் அந்த வார்டில் இருந்தால்தான் நோயாளியின் சிறுநீரகம் தப்பும்.

அடுத்து வருபவர் வாசிப்பதற்காகத்தான் பதிவேடு என்பதை முதலில் செயலில் காட்டியவர்களில் மருத்துவர் ஹென்றி பிளம்மர் முக்கியமானவர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முன்பு ஒவ்வொரு மருத்துவரும் தமக்கென ஒரு பேரேடு வைத்துக்கொண்டு, வந்த நோயாளிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போவார்கள். ஒரே நோயாளி மூன்று மருத்துவர்களைப் பார்த்திருந்தால் அவர் கதை மூன்று பேரேடுகளில் சிதறிக் கிடக்கும். 1907இல் பிளம்மர், மேபல் ரூட் என்ற பணியாளரின் துணையோடு, நோயாளிக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரே உறை என்ற முறையைக் கொண்டுவந்தார். இன்று மருத்துவமனைகளில் நோயாளி எண்ணும் கோப்பும் இருப்பது அதன் நீட்சி. 1968இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் இன்னொரு படி மேலே போனார். தகவல்கள் வந்த நேரப்படி குவிந்தால் போதாது, நோயாளியின் சிக்கல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொரு சிக்கலின் கீழும் குறிப்புகள் வர வேண்டும் என்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார். நோயாளி சொன்னது, நாம் கண்டது, நாம் நினைப்பது, செய்யப்போவது என்று நான்காகப் பிரித்து எழுதும் வழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான். எழுதும் படிவமாக அதை எடுத்துக்கொண்டோம். எதற்காக அந்தப் படிவம் என்பதை விட்டுவிட்டோம்.

வாசிப்பது என்றால் நம்புவது மட்டுமா? பதிவேட்டில் இருப்பதைச் சந்தேகிக்கத் தெரிவதும் எழுத்தறிவில் ஒரு பகுதி. ‘பென்சிலின் அலர்ஜி’ என்ற குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் நோயாளிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் தங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறார்கள். உண்மையான ஒவ்வாமை 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம். சிறுவயதில் மருந்து சாப்பிட்டபோது வாந்தி வந்தது, வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்பை மருந்தின்மேல் போட்டார்கள், இப்படி ஏதோ ஒரு காரணம். ஒருமுறை சிவப்பு மையில் எழுதிவிட்டால் அது ஆயுளுக்கும் தொடரும். அதனால் எளிய, மலிவான மருந்தை விட்டுவிட்டு வீரியமான வேறொன்றைக் கொடுப்பார்கள். குறிப்பைப் பார்த்ததும், எப்போது, என்ன நடந்தது, யார் பார்த்தது என்று கேட்பவரே வாசிக்கத் தெரிந்தவர். அதற்காக யாரும் அந்த எச்சரிக்கையைத் தாமாக அடித்துவிடக் கூடாது; உரிய மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எண்களிலும் இதே ஆபத்து உண்டு. இன்சுலின் 4 யூனிட் என்பதை எண்ணுக்குப் பின்னால் ஆங்கில ‘யூ’ எழுத்தை ஒட்டி எழுதினால் அவசரத்தில் அது 40 ஆகத் தெரியும். 1.0 மி.கி. என்பதில் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் இந்த இரண்டையும் எழுதக்கூடாத குறியீடுகளின் பட்டியலில் சேர்த்து 2004 முதல் தடுத்துவருகிறது. இந்தியாவில் கூடுதல் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. நம் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. ஆகவே 40 என்ற எண்ணைப் பார்க்கும் செவிலியர், அது மருந்தின் அளவா, செறிவா, தவறாகப் படித்த நான்கா என்று மூன்று விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதி திருத்தியது. எழுதுபவருக்கு விதி வந்துவிட்டது. புரியாவிட்டால் திரும்பக் கேட்கும் உரிமை வாசிப்பவருக்கு இருக்கிறதா? பெரிய டாக்டரின் எழுத்தைப் புரியவில்லை என்று சொல்ல இளம் செவிலியர் தயங்கும் வார்டில் எந்தப் பயிற்சியும் பலன் தராது. படிநிலை அச்சம் தகவல் எழுத்தறிவின் பகை என்றே சொல்வேன்.

கணினி வந்தால் எல்லாம் தீரும் என்று நம்பியவர்கள் நிறைய. கையெழுத்துச் சிக்கல் தீர்ந்தது உண்மை. ஆனால் 2017இல் வெளியான, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வைப் பாருங்கள். உள்நோயாளிகளின் 23,630 அன்றாடக் குறிப்புகளை அலசியதில், புதிதாகத் தட்டச்சு செய்தது 18 விழுக்காடுதான். 46 விழுக்காடு பழைய குறிப்பிலிருந்து படியெடுத்து ஒட்டியது. மீதி 36 விழுக்காடு மென்பொருள் வேறு பகுதியிலிருந்து இழுத்துக்கொண்டுவந்தது. நம் சி.எஸ்.டி. ஒரு வரி என்றால், அவர்களுடையது ஐந்து பக்கம். இரண்டிலும் இன்று புதிதாக நடந்தது எது என்று கண்டுபிடிக்கும் வேலை வாசிப்பவர் தலையில்தான் விழுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மருத்துவரும் எழுத்தாளருமான ஆபிரகாம் வர்கீஸ், கட்டிலில் இருக்கும் நோயாளியைவிடத் திரையில் இருக்கும் நோயாளிக்கே அதிகக் கவனம் கிடைக்கிறது என்று 2008இலேயே வருந்தி எழுதினார். அவர் கவலை நியாயமானது. திரையில் இருக்கும் நோயாளியையாவது ஒழுங்காக வாசிக்கிறோமா என்பதை அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பட்டது. ஆளுக்கு 14 இலக்க எண். எந்த ஊர் மருத்துவமனையில் பார்த்தாலும் பதிவுகள் ஒரே நூலில் கோர்க்கப்படும் என்பது நோக்கம். பிளம்மரின் உறையை ஒரு தேசத்துக்கே விரிக்கும் முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் பெயர்ப் பதிவிலேயே நமக்குப் பெரிய சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம்; கவுன்டரில் இருப்பவர் காதில் விழுந்தபடி தட்டுவார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரும் பெண்ணுக்குக் கர்ப்பகாலப் பதிவு ஒரு ஊரில், பிரசவம் வேறொரு ஊரில். வயது கேட்டால் சுமாராகச் சொல்வார்கள். ஒரே பெண் இரண்டு நோயாளிகளாகப் பதிவாவதும், இரண்டு பெண்கள் ஒருவராகக் கலந்துபோவதும் இப்படித்தான். பதிவு கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரை மருத்துவமனையின் தகவல் ஊழியராக யாரும் கருதுவதில்லை. ரத்த வகை மாறிப்போகாமல் காக்கும் முதல் ஆள் அவர். பயிற்சி என்று பேச்செடுத்தால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரசவ அறையில் இன்னொரு காகிதம் உண்டு, பார்ட்டோகிராஃப். கர்ப்பப்பை வாய் விரிவதை மணிக்கணக்கில் புள்ளி வைத்துக் கோடாக வரைவார்கள். கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் விழித்துக்கொள்ள வேண்டும், அதற்கு நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் செயல் கோட்டைத் தொட்டால் முடிவெடுத்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியாவில் 35,484 பெண்களிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், இதை அறிமுகப்படுத்திய பின் நீண்டு இழுக்கும் பிரசவம் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தது. பின்னர் வந்த காக்ரேன் தொகுப்பாய்வுகளோ, பார்ட்டோகிராஃபை வழக்கமாகப் பயன்படுத்துவதால் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றன. இந்த முரண்பாட்டுக்கு என் விளக்கம் இது: வலி எடுத்திருக்கும்போது புள்ளி வைத்து, கோடு போகும் திசையைப் பார்த்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது ஒன்று. குழந்தை பிறந்த பிறகு, ஆடிட்டுக்காக உட்கார்ந்து எல்லாப் புள்ளிகளையும் ஒழுங்காக வைப்பது வேறொன்று. இரண்டாவது வகைத் தாள் அழகாக இருக்கும், யாரையும் காப்பாற்றாது. ஒரு செவிலியர் நான்கு பிரசவங்களைப் பார்க்கும் இடத்தில் அவரைக் குறைசொல்வதும் அநியாயம். ஆள் பற்றாக்குறையைத் தீர்க்காமல் எழுத்தறிவைப் பற்றிப் பேசுவது பாதி பேச்சுதான்.

பதிவேடு கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவப் பதிவேடுகள் துறை. பெரும்பாலும் தரைத்தளத்தின் கோடியில், அலமாரிகளுக்கு நடுவே. நாட்டின் மரணப் புள்ளிவிவரம் அங்கிருந்துதான் உருவாகிறது. இந்தியாவில் 2020இல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 விழுக்காடுதான். அந்தக் கால்பங்குக்கும் குறைவானவற்றிலும், பல நேரம் காரணம் என்ற இடத்தில் ‘இதயமும் மூச்சும் நின்றன’ என்று எழுதிவிடுகிறார்கள். யார் செத்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். படிவத்தில் காரணச் சங்கிலியைக் கேட்கிறார்கள்: உடனடிக் காரணம் ரத்தத்தில் கிருமி பரவியது, அதற்குக் காரணம் காலில் அழுகிய புண், அதற்கும் அடியில் இருந்தது பல ஆண்டு நீரிழிவு. கடைசி வரியை எழுதாவிட்டால் அந்த மனிதர் நீரிழிவுக் கணக்கில் வரவே மாட்டார். அடுத்த ஆண்டு நீரிழிவுக்கு எவ்வளவு நிதி என்று தீர்மானிப்பவர் அவரைப் பார்க்க மாட்டார். இதைக் கவனித்து, படிவத்தை மருத்துவரிடம் திருப்பி அனுப்பும் அறிவும் அதிகாரமும் எம்.ஆர்.டி. ஊழியருக்குக் கொடுத்தாக வேண்டும்.

எதைப் பார்க்கக்கூடாது என்று தெரிவதையும் இதே திறனில் சேர்க்கிறேன். சிகிச்சையில் தொடர்பில்லாதவர் ஆர்வத்துக்காகப் பதிவேட்டைத் திறப்பதும், பெயர் தெரியும்படி கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் நோயாளிக்குச் செய்யும் துரோகம். 2023இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது.

வாசிப்பைக் கற்றுத்தர முடியுமா? முடியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஒன்பது குழந்தைகள் நலப் பயிற்சி மருத்துவமனைகளில், டூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் முறையை ஐ-பாஸ் என்ற பெயரில் ஒழுங்குபடுத்தினார்கள். 10,740 சேர்க்கைகளைக் கணக்கிட்ட அந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்தன. அந்த முறையின் கடைசிப் படியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்: பொறுப்பேற்பவர் தாம் புரிந்துகொண்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்தவர் கொடுத்துவிட்டேன் என்று போய்விட முடியாது. வாங்கியவர் வாங்கியது என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டிலும் பதிவேட்டை ஊன்றி வாசிக்கும் மரபு ஒன்று இருக்கிறது. இங்கே ஒவ்வொரு தாய் மரணமும் தணிக்கைக்கு உள்ளாகிறது. எப்போது வந்தார், எப்போது ரத்த அழுத்தம் ஏறியது, ரத்தம் ஏற்ற எவ்வளவு தாமதம் என்று தாள் தாளாகப் பார்க்கிறார்கள். 2018-20 காலத்தில் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். இதற்குப் பல காரணங்கள் உண்டு. தணிக்கையும் அவற்றில் ஒன்று. இறந்தவரின் கேஸ் ஷீட்டுக்குக் காட்டும் இந்தக் கவனத்தை, கட்டிலில் இருப்பவரின் கேஸ் ஷீட்டுக்கும் காட்ட முடியும்.

செவிலியர் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் இதற்குப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. 2021இல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் சுகாதாரத் தகவலியல் என்று ஒரு பாடமே வந்துவிட்டது. அதில் கணினி பாகங்களைப் பற்றிய கேள்விகளைக் குறைத்துவிட்டு, பெயரை நீக்கிய ஒரு முழு கேஸ் ஷீட்டின் ஜெராக்ஸைக் கையில் கொடுங்கள். பத்து நிமிடம் தாருங்கள். இந்த நோயாளிக்கு இன்றிரவு என்ன ஆபத்து, எந்தக் குறிப்பை நம்ப மாட்டீர்கள், யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். ஊழியர்களின் தகவல் எழுத்தறிவை அளக்க விரும்பும் ஆய்வாளர்களுக்கும் இதையே சொல்வேன். ஐந்து கட்ட வினாத்தாளைவிட இது உண்மையைச் சொல்லும்.

கடைசியாக, நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தங்கள் மருத்துவக் குறிப்புகளைப் படித்துப் பார்த்த 22,889 பேரிடம் கேட்டபோது, ஐந்தில் ஒருவர் அதில் பிழை இருப்பதாகச் சொன்னார்; பிழை கண்டவர்களில் 42 விழுக்காட்டினர் அது கடுமையான பிழை என்றார்கள். 2020இல் வெளியான ஆய்வு இது. இந்தியாவிலும் நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பெயர், இனிஷியல், வயது, ரத்த வகை, ஒவ்வாமை, எந்த மாத்திரை எத்தனை நாள் என்று வாசித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் செவிலியரை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். தவறு தெரிந்தால் வார்டை விட்டு இறங்குவதற்கு முன்பே திருத்தித் தரக் கேளுங்கள்.